யாரும் வசிக்காத ஜல்லிமேடு

மலை இருந்தவரை அதைப் பற்றி யாரும் கூட்டம் போடவில்லை. மலை முழுசாகத் தீர்ந்து, அது நின்ற இடத்தில் இருநூறு அடிப் பள்ளம் விழுந்து, பள்ளத்தில் தண்ணீர் நின்று, அந்தத் தண்ணீரிலும் பாதியை டேங்கர் லாரிக்காரர்கள் உறிஞ்சிய பிறகுதான், அந்த மலையின் எதிர்காலம் என்ன என்று யோசிக்க அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. 'கல்குவாரித் தொழில் எதிர்கால நோக்குக் குழு' என்று பெயர். ஏழு உறுப்பினர்கள், மூன்று கார்கள், ஒரு கணினி. கணினிக்கு மட்டும் ஏ.சி. அறை கிடைக்காமல் நான்கு மாதம் வேலை தாமதமானது.

தாம்பரத்துக்குக் கிழக்கே, மாடம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஜல்லிமேடு. அங்கே இருந்த மலையை முப்பது வருஷமாக இரண்டு தரப்பினர் மாறி மாறித் தின்றார்கள். ஆட்சியில் இருந்தவர்கள் வெடி வைத்தார்கள். ஆட்சியில் இல்லாதவர்கள் இயற்கையைக் காக்கச் சொல்லி மறியல் செய்தார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மறியல் பேனர் அந்தப் பக்கமும் குத்தகைப் பத்திரம் இந்தப் பக்கமுமாகக் கை மாறும். மலைக்கு வித்தியாசம் தெரியவில்லை. அது பாட்டுக்கு ஜல்லியாகி லாரியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாயிரத்து ஒன்றில் குவாரியை மூடினார்கள். ஆனால் பழைய மாமல்லபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைக்க ஆரம்பித்ததும் ஜல்லி லோடு விலை இரண்டு மடங்காகி, பிறகு மூன்று மடங்காயிற்று. யாரும் எட்டிப் பார்க்காத பள்ளம் திடீரென்று எல்லோர் கண்ணுக்கும் லட்சணமாகத் தெரிந்தது. இன்னும் நூற்றைம்பது அடி ஆழப்படுத்தலாம் என்றார்கள். குறுக்கே நின்றது ஒரே ஒரு விதி. வெடி வைக்கும் இடத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள் மனிதர்கள் குடியிருக்கக் கூடாது.

பள்ளத்தின் விளிம்பிலிருந்து நூறு மீட்டருக்குள் முப்பத்தொரு குடும்பங்கள் இருந்தன. ஒரு காலத்தில் கல்லுடைக்கக் கூட்டி வரப்பட்டவர்கள். குவாரி மூடிய பிறகு திரும்பிப் போக ஊர் மிச்சமில்லாததால் அங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர்களில் ஒருவர்தான் பொன்னுரங்கம். முன்பு பாறையில் துளை போடும் மெஷின் ஓட்டியவர். இப்போது மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி. ஒரு காது கேட்காது. தோளில் பட்டை வைத்த நீலச் சட்டை அந்தக் குறையை ஓரளவு மறைத்தது.

ஜல்லிமேட்டுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஜல்லிமேட்டில் இருப்பதாக அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் பள்ளியில் சீட் இல்லை, கேஸ் சிலிண்டர் இல்லை, வேலைக்கு எடுப்பவர் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் 'சொல்லியனுப்பறோம்' என்பார். அதனால் ஒவ்வொரு குடும்பமும் கௌரவமான ஏரியாவில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரைப் பிடித்து, அவர் வீட்டுக் கதவு எண்ணை இரவல் வாங்கி வைத்திருந்தது. வீட்டு வேலைக்குப் போகும் ரத்தினபாய் காகிதத்தில் ராஜகீழ்ப்பாக்கவாசி. டேங்கர் லாரி ஓட்டும் ஜமீரின் ரேஷன் கார்டும் லைசென்ஸும் பள்ளிக்கரணையில் அவன் மாமா வீட்டில் சுகமாகக் குடியிருந்தன. பொன்னுரங்கம், அவர் மனைவி பாப்பா, மகள் வெண்ணிலா மூவரும் மாடம்பாக்கம், சிவன் கோயில் தெற்குத் தெரு, பதினாலாம் எண். அது பாப்பாவின் தம்பி தனசேகர் வீடு.

"மாமா, உங்களுக்கு பேங்க்லேர்ந்து லெட்டர் வந்திருக்கு" என்று தனசேகர் போன் செய்வான். "இந்த வீட்ல என்னை விட உங்களுக்குத்தான் தபால் ஜாஸ்தி. வீட்டு வரியில பாதி கட்டிடறீங்களா?"

பொன்னுரங்கம் சிரித்துவைப்பார். போய்க் கடிதத்தை எடுக்கும்போது கூடவே ஒரு டம்ளர் காபியையும், முன்னேறுவது எப்படி என்ற அரைமணி நேரப் பேச்சையும் வாங்கிக்கொண்டு வருவார்.

பஸ்ஸிலும் வழக்கம் மாறாது. மாடம்பாக்கத்தில் இறங்கி, கூட வந்தவர்கள் கலைகிற வரை பழக்கடையில் எதையாவது விலை கேட்டு நின்றுவிட்டுப் பிறகுதான் நடப்பார்கள். ஒருநாள் பொன்னுரங்கம் அப்படி நின்றபோது பக்கத்தில் பள்ளிச் சீருடையோடு வெண்ணிலாவும் நின்றிருந்தாள். அப்பாவும் மகளும் கொஞ்ச நேரம் வாழைத்தாரைப் பார்த்தார்கள். பிறகு நடந்தார்கள்.

இப்படி இருக்கையில்தான் குழுவின் 'பொதுமக்கள் கருத்துக் கேட்பு' நோட்டீஸ் வந்தது. ஜமீர் அதை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு வந்து, எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினான்.

"பெருசா ஒண்ணும் பேச வேணாம். ஒவ்வொர்த்தரும் மைக்கைப் புடிச்சு, பேரைச் சொல்லி, 'நான் ஜல்லிமேட்டுல குடியிருக்கேன்'னு சொல்லணும். அவ்ளோதான். அத்த எழுதிக்கினாங்கன்னா அப்புறம் வெடி வைக்க முடியாது. மீறி வைக்கணும்னா நமக்கு வேற வூடு குடுத்துட்டுத்தான் வைக்கணும். சொல்லலைன்னா, ஆளே இல்லாத எடம்னு புல்டோசர் வுட்டுட்டுப் போய்கினே இருப்பான்."

"யாரு மொதல்ல பேசறது?" என்றாள் ரத்தினபாய்.

"பொன்னுரங்கம் அண்ணாதான். யூனிபார்ம் கீது, ஆளும் டீசன்ட்டா கீறாரு. அவரு ஆரம்பிச்சா மத்தவங்க தானா வந்துடுவாங்க. இன்னாண்ணா?"

"சொல்லிட்டாப் போச்சு" என்றார் பொன்னுரங்கம். "நாலு வார்த்தை."

அந்த நாலு வார்த்தையை மறுநாளிலிருந்து சட்டை போடும்போதும் கழற்றும்போதும் சொல்லிப் பார்த்தார். பாப்பா, "இதுக்கு இன்னா ஒத்திகை? நம்ம வூடு எங்க கீதுன்னுதான கேக்கப் போறான்" என்றாள்.

கூட்டம் சேலையூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் வரவேற்பின் வாழைமரம் இன்னும் வாசலில் நின்றது. மேடையில் மணமக்கள் உட்காரும் சிம்மாசனத்தில் குழுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. ஓய்வு பெற்ற பிறகு இது அவருக்குப் பதினோராவது குழு. மேடை ஓரத்தில் தெர்மாகோலில் செய்த ஒரு மலை. அதன் உச்சியில் பச்சை ஸ்பாஞ்சில் மரங்கள்.

வாசல் மேஜையில் பெயர் பதிந்துகொண்டிருந்தவர் குழுவின் செயலாளர் ஹேமநாத். பொன்னுரங்கம் தெர்மாகோலைக் காட்டித் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"சார், அந்த மலை இப்ப இல்லீங்களே."

"ஃபைல்ல இருக்கு. இருநூத்திப் பன்னெண்டு அடி."

"நேர்ல போனா பள்ளம்தான் சார் கீது."

"அது ஃபீல்டு" என்றார் ஹேமநாத் பொறுமையாக. "ஃபீல்டு மாறிக்கிட்டே இருக்கும். அதை நம்பி ஒரு டிபார்ட்மென்ட் நடத்த முடியுமா? இந்தாங்க, கருத்துப் படிவம்."

படிவத்தில் மூன்று கட்டங்கள். 'மிகவும் வரவேற்கிறேன்', 'வரவேற்கிறேன்', 'யோசித்துப் பார்த்து வரவேற்கிறேன்'. பிரியாணி டோக்கன் மூன்றாவது கட்டத்தின் மேல் ஸ்டேப்ளர் போட்டுக் குத்தப்பட்டிருந்தது.

தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட மாடம்பாக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து எட்டு மாணவிகளை அழைத்திருந்தார்கள். முன்வரிசையில் ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடு மூன்றாவதாக நின்றவள் வெண்ணிலா. அவள் வரப்போவது பொன்னுரங்கத்துக்குத் தெரியாது. பாடி முடித்த பிள்ளைகளை மேடையிலேயே, தெர்மாகோல் மலைக்குப் பக்கத்தில், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று உட்காரவைத்தார்கள்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். முதல் திரியைத் தலைவரும், அடுத்ததை ஆளுங்கட்சிப் பிரமுகரும், அடுத்ததை எதிர்க்கட்சிப் பிரமுகரும் ஏற்றினார்கள். பிரமுகர்கள் இருவரும் ஒரே தீப்பெட்டியைப் பயன்படுத்தினார்கள். பிறகு பொன்னாடைகள். மேடையில் பத்துப் பேர், ஆளுக்கு மூன்று பொன்னாடை. ஒருவர் போர்த்தியதை மடித்துக் கொடுத்தால் அடுத்தவர் அதையே வேறொருவருக்குப் போர்த்தினார். இதற்கு முக்கால் மணி நேரமாயிற்று.

தலைவர் பேசினார்.

"ஒரு மலை நிற்கிறது என்றால் என்ன பொருள்? மூலதனம் வேலை செய்யாமல் நிற்கிறது என்று பொருள். நம் முன்னோர்கள் மலையைக் கும்பிட்டார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கும்பிட்ட ஒரே காரணத்தால் எத்தனை கோடி டன் வீணாயிற்று என்று எங்கள் முதல் அறிக்கையின் நாலாம் பாகத்தில் சொல்லியிருக்கிறோம். விதிகளை நாங்கள் மதிப்பதில்லை என்கிறார்கள். விதிகளை நான் தினமும் படிக்கிறேன். எது எங்கே தளரும் என்று படிக்காமல் எப்படித் தெரியும்?"

கைதட்டினார்கள். அடுத்து ஒரு பொருளாதார நிபுணர், ஜல்லி விலையும் பள்ளத்தின் ஆழமும் ஒன்றாகவே உயரும் என்பதைப் படம் போட்டுக் காட்டினார். ஆழம் எப்படி உயரும் என்று யாரும் கேட்கவில்லை. ஆளுங்கட்சிப் பிரமுகர், இந்தக் குவாரியை மூடியது எதிர்க்கட்சியின் சதி என்றார். எதிர்க்கட்சிப் பிரமுகர், "அண்ணன் சொல்வது உண்மைதான், ஆனால் அதை முதலில் திறந்தவர்கள் நாங்கள் என்பதை மறைக்கிறார். அடுத்த தேர்தலுக்குப் பிறகு எங்கள் முறை வரும்போது அண்ணன் ஒத்துழைக்க வேண்டும்" என்றார். அண்ணன் தலையாட்டினார். இருவரும் ஒரே சோடாவைப் பங்கு போட்டுக் குடித்தார்கள்.

கடைசியாகப் பொதுமக்கள். பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

"பேர், முகவரி மட்டும் தெளிவா சொல்லுங்க. அதுக்கு மேல எதுவும் மினிட்ஸ்ல ஏறாது" என்று அறிவித்தார் ஹேமநாத். "முதல்ல யாரு?"

ஜமீர் பொன்னுரங்கத்தின் முதுகில் லேசாகத் தட்டினான்.

மைக் வந்தது. பொன்னுரங்கம் எழுந்தார். மைக்கில் தன் மூச்சே தனக்குப் பெரிதாகக் கேட்டது. எதிரே மேடை, மேடையில் மகள், மகளோடு படிக்கும் பிள்ளைகள் ஏழு பேர், அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய தலைமை ஆசிரியை. சேர்க்கை விண்ணப்பத்தை வாங்கி, "ஓ, கோயில் பக்கமா? ரொம்ப நல்ல ஏரியா" என்று சொன்ன அதே அம்மாள். பொன்னுரங்கம் வெண்ணிலாவைப் பார்த்தார். அவர் பார்த்த அந்த நொடியில் அவள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேரு பொன்னுரங்கம்" என்றார்.

"முகவரி?"

"மாடம்பாக்கம். சிவன் கோயில் தெற்குத் தெரு. பதினாலாம் நம்பர்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. பத்து வருஷமாக எந்த மேஜை முன்னால் நின்றாலும் வாய் தானாகச் சொல்லிப் பழகியது இதுதான். இப்போதும் தானாகத்தான் வந்தது என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அது முழு உண்மையில்லை என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

அடுத்து ரத்தினபாய். அவள் பொன்னுரங்கத்தை ஒரு பார்வை பார்த்தாள். யூனிபார்ம் போட்ட மனிதரே அப்படிச் சொன்ன பிறகு, தான் மட்டும் ஏன் ஜல்லிமேட்டுக்காரியாக நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவள் வேலை செய்யும் வீட்டுக்காரர் வேறு நாலாவது வரிசையில் இருந்தார். "ராஜகீழ்ப்பாக்கம்" என்றாள். அதற்கடுத்தவர் செம்பாக்கம். அதற்கடுத்தவர் கேம்ப் ரோடு. மைக் கைமாறக் கைமாற, தென்சென்னையின் நல்ல நல்ல தெருக்களெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து நின்று உட்கார்ந்தன. ஹேமநாத் குறித்துக்கொண்டே வந்தார். தலைவர் அவர் பக்கம் சாய்ந்து, "நல்ல கூட்டம்யா, எல்லாரும் டீசன்ட் லொகாலிட்டி" என்றார். அவர் முன்னாலும் ஒரு மைக் இருந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது.

கடைசியில் ஜமீர் எழுந்தான்.

"பேரு ஜமீர். நான் ஜல்லிமேட்டுல குடியிருக்கேன். என் சம்சாரம் ஹஃபீசா, ரெண்டு கொயந்தைங்க. இங்க பேசுன அத்தினி பேரும் அங்கதான் கீறாங்க."

ஹேமநாத் நிமிர்ந்தார்.

"ஏதாவது ப்ரூஃப் இருக்கா?"

ஜமீர் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்தான். எடுத்த பிறகுதான் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நினைவு வந்தது.

"பள்ளிக்கரணைன்னு போட்டிருக்கே" என்றார் ஹேமநாத்.

"அது மாமா வூட்டு அட்ரஸ் சார். இங்க எல்லாருக்கும் அப்டித்தான். இதோ, இவரு எனக்கு எதிர் வூடு. பன்னெண்டு வருஷமா. கேளுங்க சார் அவரையே." பொன்னுரங்கத்தின் பக்கம் திரும்பினான். "அண்ணா, சொல்ணா."

மைக் மறுபடி வந்தது. குறிப்பில் ஒரு வரியை அடித்து எழுத ஹேமநாத் பேனாவைத் தயாராகப் பிடித்திருந்தார். அந்த அளவுக்கு அவர் நியாயமான மனிதர். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால், பத்து நிமிடம் முன்பு சொன்னது பொய் என்று சொல்லியாக வேண்டும். மகள் முன்னால், தலைமை ஆசிரியை முன்னால், மைக்கில்.

"இவரைத் தெரியுமா உங்களுக்கு?"

"பஸ்ஸுல பார்த்திருக்கேன் சார்" என்றார் பொன்னுரங்கம்.

ஜமீர் லைசென்ஸைப் பையில் வைத்துக்கொண்டு, நாற்காலிகளுக்கு நடுவே வழி கேட்டு வழி கேட்டு வெளியே போனான். பிரியாணி டோக்கன் அவன் நாற்காலியில் கிடந்தது.

கூட்டத்தின் நிறைவில், மக்கள் சார்பாக முதலில் பேசிய முன்மாதிரிக் குடிமகன் என்று பொன்னுரங்கத்தை மேடைக்கு அழைத்தார்கள். ஒரு பொன்னாடை மிச்சமிருந்தது. தலைவர் தன் கையாலேயே போர்த்தினார். "உங்களை மாதிரி ஆட்களாலதான் வளர்ச்சி சாத்தியமாகுது" என்று காதோடு சொன்னார். அது அந்தக் கேட்காத காது. என்றாலும் பொன்னுரங்கத்துக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது பிள்ளைகளைச் சாப்பிட அழைத்துப் போயிருந்தார்கள்.

அறிக்கை மூன்று வாரத்தில் வந்தது. அந்தக் குழுவின் சரித்திரத்தில் சொன்ன தேதிக்கு முன்பே வந்த ஒரே அறிக்கை அதுதான். 'ஜல்லிமேடு எனும் பகுதியில் மனிதர் எவரும் வசிக்கவில்லை. அருகிலுள்ள கௌரவமான குடியிருப்புகளிலிருந்து முப்பது பேர் தாமாகவே வந்து ஆர்வம் தெரிவித்தனர். மாற்றுக் கருத்துக் கூறிய ஒருவர் வெளியூர்க்காரர்.' ஆளில்லாத இடத்தில் யாருக்குக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பது? எனவே நோட்டீஸ் இல்லை. டிசம்பர் முதல் தேதியிலிருந்து 'புதர் அகற்றும் பணி' என்று மட்டும் ஒரு தாளை மின்கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போனார்கள். ஒட்டியவர் பசை கலக்கத் தண்ணீர் கேட்டது பொன்னுரங்கத்தின் வீட்டில். பாப்பா ஒரு சொம்பு கொடுத்தாள்.

பொன்னுரங்கம் லீவு போட்டுவிட்டுக் குழுவின் அலுவலகத்துக்குப் போனார். கையில் மனு. இந்தமுறை உள்ளது உள்ளபடி எழுதியிருந்தார். ஹேமநாத் அதை முழுதும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதை நான் வாங்க முடியாதே."

"ஏன் சார்?"

"ஆட்சேபணை தெரிவிக்கிற உரிமை அந்தப் பகுதியில குடியிருக்கறவங்களுக்கு மட்டும்தான். நீங்க மாடம்பாக்கம்."

"அது பொய் சார். நான்தான் பொய் சொன்னேன்."

"அரசாங்க ஆவணத்துல பொய் சொல்றது குற்றம்" என்றார் ஹேமநாத் அனுதாபத்தோடு. "அதை எழுதிக் குடுத்தீங்கன்னா கேஸாயிடும். எழுதிக் குடுக்கலைன்னா உண்மையாயிடும். யோசிச்சுப் பாருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." பிறகு ஞாபகம் வந்தவராக, "அன்னிக்கு உங்களுக்குப் பொன்னாடை போட்ட போட்டோ வந்திருக்கு. அட்ரஸ் இருக்கறதால தபால்லயே அனுப்பிட்டோம்" என்றார்.

போட்டோ தனசேகர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தனசேகர் அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டான்.

ஜமீர் அதன்பின் பொன்னுரங்கத்திடம் பேசவில்லை, சண்டையும் போடவில்லை. எதிர் வீட்டு வாசலில் லாரிச் சாவியைச் சுழற்றியபடி நிற்பவன், பஸ்ஸில் பார்த்த ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவான். ஹஃபீசா மட்டும் எப்போதும்போல ஞாயிற்றுக்கிழமை இடியாப்பம் அனுப்பினாள். பாப்பா அதைத் தட்டில் வைத்தபோது பொன்னுரங்கம் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, மறுபடி எழுந்து போய்க் கை கழுவினார்.

அன்று சாயங்காலம் வெண்ணிலா ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான விண்ணப்பம். பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டு, மற்றதையெல்லாம் மையில் நிரப்பியிருந்தாள். வீட்டு முகவரிக்கு நேரே, எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு, 'ஜல்லிமேடு' என்று இருந்தது.

பொன்னுரங்கம் தாளை வாங்கிக்கொண்டார்.

"இத எங்க எழுதின?"

"கிளாஸ்லதான்."

"எல்லாரும் பார்த்தாங்களா?"

"பக்கத்துல இருக்கறவங்க பார்த்தாங்க."

"அன்னிக்கு மண்டபத்துல நான் எழுந்தப்ப நீ தலையைக் குனிஞ்சுக்கினியேம்மா. உனக்கு அவமானமா இருக்கும்னுதான் நான்..."

வெண்ணிலாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"நான் அதுக்குக் குனியலப்பா. கூடப் பாடின கைனாத் எனக்குக் கீழ தரையில உட்கார்ந்திருந்தா. அவ காதுல சொன்னேன். அதான் எங்கப்பா, இப்ப பாரு, ஜல்லிமேடுன்னு சொல்லப் போறாருன்னு."

வெளியே டேங்கர் ஒன்று தண்ணீர் சிந்திக்கொண்டு மேடேறியது. அது போகிற வரை பொன்னுரங்கம் காத்திருந்தார்.

"அப்புறம்?"

"நீ மாடம்பாக்கம்னு சொன்ன. 'அவரா உங்கப்பா?'ன்னு கேட்டா."

"நீ இன்னா சொன்ன?"

வெண்ணிலா பேனாவின் மூடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினாள்.

"இல்ல, தப்பா காட்டிட்டேன், அது வேற யாரோன்னு சொல்லிட்டேன்" என்றாள். பேனாவை அவரிடம் கொடுத்தாள். "கையெழுத்துப் போடுப்பா. நாளைக்குக் கடைசி நாள்."

பொன்னுரங்கம் கையெழுத்துப் போட்டார். தேதிக்கு நேரே நவம்பர் இருபத்திரண்டு என்று எழுதினார். புதர் அகற்றும் பணி தொடங்க இன்னும் எட்டு நாள் முழுசாக இருந்தது. அதுவரை அந்த முகவரி செல்லும்.